புதுப்பிப்பு: ஹெச்ஆர்கிட்ட நம்பர் சொல்லிட்டேன்

போன வாரம் கேட்டிருந்தேன்ல: இப்போ 7.2 லட்சம் சிடிசி (கம்பெனி எனக்காக வருஷத்துக்குச் செலவழிக்கிற மொத்தத் தொகை), புது கம்பெனி ஹெச்ஆர் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க"ன்னு கேக்கறாங்க, நான் முதல்ல நம்பர் சொல்லலாமான்னு. பேசியாச்சு.

நீங்க சொன்ன மாதிரி "உங்க பட்ஜெட் என்ன மேடம்?"னு திருப்பிக் கேட்டேன். சிரிச்சுட்டு, "அந்தக் கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் எடுக்காது சார்"னாங்க. சரின்னு 11-ன்னேன். தொண்டை வறண்டுடுச்சு. 10.5-க்கு வந்தாங்க.

ஆஃபர் லெட்டரைத் திறந்தப்பதான் வயித்துல புளியைக் கரைச்சுது. 10.5-ல ஒரு லட்சம் வேரியபிள், அதாவது நிச்சயமில்லாத, வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையிற பகுதி. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 5.25 லட்சம்; அதுல கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது மொத்தமாத் தர்ற பணம்) 4.81 சதவீதம், ரெண்டும் சிடிசிக்குள்ளேயே. கூட்டினா 88 ஆயிரம். மாசக் கணக்குல கண்ணுலயே படாத காசு. கிராஜுவிட்டிக்கு நான் அஞ்சு வருஷம் அங்கேயே இருக்கணும் வேற.

மறுபடி போன் போட்டு, "நான் சொன்ன 11 ஃபிக்ஸட் மேடம்"னேன். (முதல் போன்லயே சொல்லியிருக்கணும், என் தப்புதான்.) வேரியபிள்ல பாதியை ஃபிக்ஸட்ல சேர்த்தாங்க. அதுக்கு மேல அசையலை. ஒத்துக்கிட்டேன்.

காலையில இங்க ராஜினாமா மெயில் போட்டாச்சு, 90 நாள் நோட்டீஸ். மேனேஜர் இன்னும் மெயிலைப் பார்க்கலை போல, டீக்குக் கூப்பிடறார்.