கடலடி வடம் கரைக்கு வந்தும் உள்நாட்டில் இணைய விலை இறங்காதது ஏன்?

நிலாமுற்றம்:
பொதுக்கொள்கை முதுநிலை மாணவியான நான், கிழக்கு ஆப்பிரிக்காவின் இணைய வலையமைப்புகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். செயற்கைக்கோளையே நம்பியிருந்த அந்தக் கரைக்கு 2009 ஜூலையில், கடலுக்கடியில் ஒளியிழை வழியாகத் தரவைக் கடத்தும் சீகாம் வடம் வந்தது. அதே ஆண்டில் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தையும் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவையும் இணைத்த டீம்ஸ் வடமும், 2010இல் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் நீளமுள்ள ஈஸி வடமும் வந்தன. ஆனாலும் கடற்கரையே இல்லாத உகாண்டா, ருவாண்டா, புருண்டி, மலாவி போன்ற நாடுகளில் சாதாரணக் குடும்பத்துக்கு இணையம் எளிதில் கட்டுப்படியாகவில்லை. அடிப்படை இணையத்தின் மாதச் செலவு தலா வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா. சார்ந்த பிராட்பேண்ட் ஆணையம் 2025ஆம் ஆண்டுக்கு வைத்த இலக்கைக் குறைந்த வருமான நாடுகளில் பெரும்பாலானவை எட்டவில்லை. கையில் சிறிதளவே பணமுள்ள அரசு அதை முதலில் எதில் போட வேண்டும்? கடலடி வடத்திலா, நாட்டுக்குள் ஊர்களை இணைத்து ஓடும் முதன்மை ஒளியிழையிலா, வீட்டு வாசல் வரையிலான கடைசி மைலிலா?

மலைப்பாதை:
2011 முதல் மூன்று ஆண்டுகள் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் வலையமைப்புப் பொறியாளராக இருந்தேன். வடம் கரையைத் தொடுவது பாதி வேலைகூட ஆகாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மொம்பாசாவில் இறங்கும் தரவு நைரோபியைத் தாண்டி, மலாபாவில் கென்ய-உகாண்டா எல்லையைக் கடந்து, கம்பாலா வந்து சேர வேண்டும். கென்ய உரிமம் பெற்ற நிறுவனம் எல்லை வரை கொண்டுவரும். அங்கிருந்து உகாண்டா உரிமம் பெற்றவர் வாங்கிக்கொள்வார். கடலுக்கு ஒரு விலை, கென்யத் தரைவழிக்கு ஒரு விலை, உகாண்டாவுக்குள் ஒரு விலை என்று மூன்றும் சேர்ந்தே எங்கள் கணக்கில் ஏறும். அதற்கும் அப்பால் ருவாண்டா தலைநகர் கிகாலிக்குப் போகும் தரவுக்கு நான்காவதாக ஒன்றும் சேரும்.

இன்னொரு செலவைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் சாலையை அகலப்படுத்த வந்த மண்வாரி இயந்திரம் ஜிஞ்சா சாலையோரம் எங்கள் இழையை அறுத்துவிட்டது. செம்மண் சேற்றில் தார்ப்பாய் கட்டி, அதன்கீழ் குந்தியபடி, தலைமுடி அளவேயுள்ள இழைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெட்டி, உருக்கி ஒட்டினார் ஓர் ஊழியர். அவர் முடிக்கும்போது இருட்டிவிட்டது. எங்களிடம் மாற்றுவழி இல்லாததால் அதுவரை வாடிக்கையாளர்களுக்கு இணைப்பே இல்லை. மின்கோபுரங்களின் உச்சியில், மின்னலைத் தரைக்குக் கடத்த ஓடும் நிலக்கம்பிக்குள்ளேயே ஒளியிழையை வைக்கும் முறை இருக்கிறது. மண்வாரி அதைத் தொட முடியாது. மின்வாரியத்திடம் அவ்விழையை வாடகைக்குக் கேட்பதுதான் ஏழை நாட்டுக்கு ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் முதன்மை வழி என்பது என் உறுதியான கருத்து.

கூடல்வாசி:
மலைப்பாதை ஐயா சொன்ன தரைவழிச் செலவை மறுக்கவில்லை. ஆனால் இழை போட்டுவிட்டால் விலை தானாக இறங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ருவாண்டா தேசிய ஒளியிழை வலையமைப்பை அமைத்தது. பின்னர் 2013இல் தென்கொரியாவின் கேடி தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 4ஜி சேவையை மொத்தமாக விற்கும் தனியுரிமையை ஒரே நிறுவனத்திடம் கொடுத்தது. கைபேசி நிறுவனங்கள் அதனிடம் வாங்கித்தான் விற்க முடிந்தது. அவற்றில் ஒன்றான எம்டிஎன் ருவாண்டாவால் 2023இல்தான் சொந்த 4ஜியைத் தொடங்க முடிந்தது. சிற்றூர்களின் கடைசி மைலைப் பொறுத்தவரை, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாநிலத்திலுள்ள மன்கோசியில் ஊர்மக்களே கூட்டுறவாக நடத்தும் ஜென்செலேனி வலையமைப்பையும் உங்கள் கட்டுரையில் சேருங்கள்.

நிலாமுற்றம்:
இருவருக்கும் நன்றி. ஈஸியும் பலர் சேர்ந்து போட்ட பொது வடம்தானே? பொதுவாக ஒன்றை அமைப்பது அங்கே பயன்பட்டு, ருவாண்டா 4ஜியில் தடையானது எப்படி?

மலைப்பாதை:
நல்ல கேள்வி, அம்மா. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் 2002 வாக்கில் வந்த சாட்-3 வடத்தைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் அது இறங்கும் நிலையம் ஒரே தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருந்ததால், வடம் வந்தும் விலை பல ஆண்டுகள் உயரத்திலேயே நின்றது. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த ஈஸியில், சிறிய ஆப்பிரிக்க நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து வியோக் என்ற நிறுவனத்தின் வழியாகப் பங்கெடுத்தன. உரிமம் பெற்ற யார் கேட்டாலும் பாகுபாடின்றி விற்பது என்ற நிபந்தனையின் மேல்தான் வளர்ச்சி வங்கிகள் வியோக்குக்குக் கடன் கொடுத்தன. அதோடு சீகாமும் டீம்ஸும் பக்கத்திலேயே போட்டிக்கு நின்றன. ருவாண்டா 4ஜியில் வாங்குபவருக்குப் போக அப்போது வேறு கடை இருக்கவில்லை.

எனவே பணத்தை எல்லை தாண்டும் தரைவழி இழையில் போடச் சொல்வேன், அதுவும் இரண்டு வழிகளில்: மொம்பாசாவிலிருந்து மலாபா வழியாக ஒன்று, தான்சானியாவின் தாரெஸ்ஸலாம் துறைமுகத்திலிருந்து ருவாண்டா எல்லையிலுள்ள ருசுமோ வழியாக மற்றொன்று. 2024 மே 12 அன்று ஈஸியும் சீகாமும் ஒரே நாளில் அறுந்தபோது தான்சானியா முதல் மலாவி வரை இணையம் தடுமாறியதை நினைத்தால், இரண்டாவது வழியை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

உலக வங்கி 2007இல் கிழக்கு, தென் ஆப்பிரிக்காவுக்காக 42.4 கோடி டாலர் அளவில் ஒப்புதல் தந்த வட்டாரத் தொடர்பு உள்கட்டமைப்புத் திட்டத்தின் ஆவணங்களைக் கட்டாயம் படியுங்கள். பள்ளிகள், மருத்துவமனைகள், அலுவலகங்களுக்கான இணையக் கொள்ளளவை அரசே பல ஆண்டுகளுக்கு மொத்தமாக முன்கூட்டி வாங்கும் ஏற்பாடு அதில் உண்டு. இழை போட வரும் நிறுவனத்துக்கு முதல் நாளே ஒரு நிச்சயமான வாடிக்கையாளர் கிடைத்துவிடுவதால், விலையையும் நிபந்தனைகளையும் பேசும் வலிமை அரசுக்கு அந்த இடத்தில்தான் வருகிறது.