பழைய விஎச்எஸ் பிளேயரும் புதிய தொலைக்காட்சியும்

செந்தூல்வாசி: அப்பாவின் விஎச்எஸ் (வீடியோ கேசட்) பிளேயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டுமே உள்ளன, புதிய தொலைக்காட்சியிலோ எச்டிஎம்ஐ மட்டுமே. ஒரு முனையில் மூவண்ணச் செருகிகளும் மறுமுனையில் எச்டிஎம்ஐயும் கொண்ட வயரைப் பொருத்தியும் படம் வரவில்லை. என்ன காரணம்?

பழையகேசட்: அது வெறும் கம்பிதான் ஐயா. பிளேயர் அனுப்புவது அனலாக், எச்டிஎம்ஐ ஏற்பதோ டிஜிட்டல். ஆகவே, மின்சாரத்தில் இயங்கும் மாற்றிப் பெட்டி ஒன்று இடையில் இருந்தாக வேண்டும். வாங்கும்போது, அது ஏவியை (அந்த மூவண்ண இணைப்பை) எச்டிஎம்ஐயாக மாற்றுவதுதானா என்று உறுதிசெய்யுங்கள்; எதிர்த்திசைப் பெட்டியும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும் (நானே ஒருமுறை மாற்றி வாங்கிவிட்டேன்).

ஜார்ஜ்டவுன் ரசிகன்: கேசட் எங்கே பதிவானது என்பதையும் பாருங்கள். மலேசியாவின் 'பால்' (PAL) வீடியோ முறையில் 625 கோடுகள், நொடிக்கு 25 படச்சட்டங்கள். அமெரிக்காவின் என்டிஎஸ்சியில் 525 கோடுகள், ஏறத்தாழ 30 படச்சட்டங்கள். கேசட்டின் முறையைப் பிளேயரே ஏற்காவிட்டால், அந்தப் பெட்டியால் பயனில்லை.

செந்தூல்வாசி: இங்கே மலேசியாவில், ஈப்போவில் எடுத்த திருமணப் பதிவுதான்; ஆகவே அந்தச் சிக்கல் இருக்காது. பெட்டி வாங்க மாலையே லோயாட் பிளாசா மின்னணுக் கடைகளுக்குச் செல்கிறேன்.