‘வேலை இருந்தால் எடுத்துக்கொள்வோம்’ என்றார்கள், காத்திருக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம். இங்கிலாந்துக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. ஒரு கிடங்கில் வேலை கேட்டுப் போனேன். மேலாளர் நல்லபடியாகப் பேசினார். கிளம்பும்போது, ‘இஃப் வீ ஹேட் எ வேகன்சி, வீ வுட் டேக் யூ’ என்றார். வேலை இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்றுதானே அர்த்தம்? மூன்று வாரமாகப் போன் வரவில்லை. வேறு இடம் தேடாமல் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் தம்பி. இன்றைக்கே வேறு இடங்களுக்கு எழுதிப் போடுங்கள். அவர் உங்களிடம் சொன்னது ‘வேலை இல்லை’ என்பதுதான். உங்களைப் பிடித்திருக்கிறது, ஆனால் இடம் இல்லை.

நான் உங்கள் பக்கத்து ஊர் தங்கச்சிமடம். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, எனக்குத்தான் புரியவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் ‘இஃப் வீ ஹேவ் எ வேகன்சி, வீ வில் டேக் யூ’ என்று சொல்லியிருந்தால் காத்திருக்கலாம். அதில் வேலை வரவும் கூடும், வராமலும் போகலாம். ‘ஹேவ்’ போய் ‘ஹேட்’ வந்து, ‘வில்’ போய் ‘வுட்’ வந்துவிட்டால், இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துப் பேசுகிறார் என்று அர்த்தம். தமிழில் இரண்டுக்குமே ‘இருந்தால்’ என்றுதான் சொல்வோம். நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா என்பதை வாக்கியத்தின் முடிவிலும் சொல்பவரின் குரலிலும் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அதை இஃப் பக்கத்து வினையிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்த ‘ஹேட்’ பார்க்க இறந்தகாலம்தான், ஆனால் நேற்றைச் சொல்லவில்லை. நிஜத்திலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ‘நாளை காற்று அடித்தால்’ என்கிறோம். நாளைக்கு அடிக்கப்போகும் காற்று, சொல்லோ ‘அடித்த்’ என்ற இறந்தகால வடிவத்தோடு ‘ஆல்’ சேர்ந்தது. ‘வந்தால்’, ‘பெய்தால்’ எல்லாமே அப்படித்தான். வடிவம் இறந்தகாலமாக இருந்தும் பொருள் இறந்தகாலமாக இல்லாமல் இருப்பது நம் வாயில் தினமும் நடக்கிறது.

என் பிள்ளைகளுக்கு இதை நம்ம ஊரை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும். அன்றைக்கு அது மாறாத விதி. இப்படி ஒரு விதியைச் சொல்ல இரண்டு பக்கமும் சாதாரண நிகழ்காலம் போதும்: ‘இஃப் தி விண்ட் கோஸ் எபவ் 58, தி டிரெய்ன் ஸ்டாப்ஸ்’.

அடுத்தது, நாளைக்கு நடக்கக்கூடியது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது, என் அண்ணன் கடலுக்குப் போகமாட்டான். ‘இஃப் தேர் இஸ் எ ஸ்டார்ம் வார்னிங் டுமாரோ, மை பிரதர் வோன்ட் கோ டு ஸீ’. நாளை என்று இருப்பதால் இஃப் பக்கமும் ‘வில்’ போடத் தோன்றும். போடக் கூடாது. ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று நம்மவர்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள். புரியும், ஆனால் எழுத்தில் உடனே தவறாகத் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். மே மாதம் அண்ணி போனில் சொல்வாள்: ‘தடை மட்டும் இல்லையென்றால் இந்நேரம் உன் அண்ணன் கடலில் இருப்பார்.’ தடை இருக்கிறது, அண்ணன் திண்ணையில் இருக்கிறான். ஆங்கிலத்தில் ‘இஃப் தேர் வேர் நோ பேன், ஹி வுட் பி அட் ஸீ நவ்’. உங்கள் மேலாளர் பேசியது இந்த வகைதான். ‘இஃப் ஐ வேர் யூ’ என்று கேட்டிருப்பீர்கள், அதுவும் இதே குடும்பம். ‘ஐ’யோடு ‘வேர்’ வருகிறதே என்று குழம்ப வேண்டாம், பழைய ஆங்கிலத்திலிருந்து தங்கிவிட்ட வடிவம் அது. பேச்சில் ‘வாஸ்’ என்பவர்களும் உண்டு. ‘இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் ஸீ எ டாக்டர்’ என்று யாராவது சொன்னால், டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்லும் யோசனை.

கடைசி வகையைத்தான் எல்லாரும் கடினம் என்கிறார்கள். எனக்கென்னவோ தமிழனுக்கு அதுதான் சுலபம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பற்றி நம் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். ‘அந்த ரயில் பாம்பனிலேயே நின்றிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள்.’ தனுஷ்கோடிக்குப் போன ரயில் அது. நிற்கவில்லை, அவர்கள் பிழைக்கவில்லை, இனி மாற்றவும் முடியாது. ‘இஃப் தி டிரெய்ன் ஹேட் ஸ்டாப்ட் அட் பாம்பன், தே வுட் ஹேவ் லிவ்ட்’. ‘நின்றிருந்தால்’ இருக்கும் இடத்தில் ‘ஹேட் ஸ்டாப்ட்’, ‘பிழைத்திருப்பார்கள்’ இருக்கும் இடத்தில் ‘வுட் ஹேவ் லிவ்ட்’. சொல்லுக்குச் சொல் பொருந்தி வருகிறது. ‘இருந்தால், இருப்பேன்’ என்று முடியும் எந்தத் தமிழ் வாக்கியத்தையும் இப்படி மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும். இஃப் பக்கம் ‘வுட் ஹேவ்’ மட்டும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ‘மீன்ஸ்’. ‘யூ கம் மீன்ஸ் ஐ வில் கிவ்’ என்று ஊரில் பேசிப் பேசிப் பழகியிருக்கிறோம். ‘என்றால்’ என்ற சொல் நமக்கு ‘அர்த்தம்’ சொல்லவும் உதவும், நிபந்தனை சொல்லவும் உதவும், அதனால் வந்த பழக்கம். இங்கே ஒருவருக்கும் புரியாது. இன்றோடு விட்டுவிடுங்கள்.

இஃப், வென் இரண்டையும் மாற்றிவிடுவதில் எனக்கே ஒரு சங்கடம் நேர்ந்தது. என் கணவர் மார்ச்சில் வருவதற்கு டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது. ‘அவர் வந்தால் பெரிய அறைக்கு மாறிக்கொள்கிறோம்’ என்று மனதில் நினைத்து, வீட்டுக்காரம்மாவிடம் ‘இஃப் மை ஹஸ்பண்ட் கம்ஸ்’ என்றேன். என் கணவர் வருவது சந்தேகம்போல என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டு, அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நிச்சயமாக நடக்கப்போவதற்கு ‘வென்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது. ‘அன்லெஸ் யூ டெல் அஸ் பை ஃபிரைடே, யூ ஆர் ஒர்க்கிங் சண்டே’ என்று வந்தால், வெள்ளிக்குள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஞாயிறு வேலை உங்களுக்கு. அதோடு இன்னொரு ‘நாட்’ சேர்த்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

அலுவலகக் கடிதங்களில் ‘ஷுட் யூ நீட் ஆன் இன்டர்ப்ரெட்டர்’ என்று ஆரம்பிப்பார்கள். ‘மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று உங்களுக்குக் கட்டளை போடவில்லை, தேவைப்பட்டால் என்றுதான் கேட்கிறார்கள். இஃப்பை விட்டுவிட்டு ‘ஷுட்’டை முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். ‘ஹேட் ஐ நோன்’ என்பதும் அப்படித்தான், எனக்குத் தெரிந்திருந்தால்.

வேலையில் சேர்ந்த பிறகு ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ‘இஃப் யூ குட் ஃபினிஷ் திஸ் டுடே, தட் வுட் பி கிரேட்’ என்று மேலாளர் சிரித்த முகத்தோடு சொல்வார். முடிந்தால் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்பதை மரியாதையாகச் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, ரொம்ப நன்றி. நேற்றே இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அந்த மேலாளருக்கும் ஒரு வரி எழுதலாமா? தொந்தரவாக நினைப்பாரோ?

பதில்: நினைக்கமாட்டார், எழுதுங்கள். நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி சொல்லிவிட்டு, ‘இஃப் எ பொசிஷன் ஓபன்ஸ் அப், ப்ளீஸ் லெட் மீ நோ’ என்று முடியுங்கள். ‘ஓபன்ட்’ என்று எழுதிவிடாதீர்கள் தம்பி, ‘ஓபன்ஸ்’.