இங்கிலீஷில் நீங்கள் பல்பு வாங்கிய வார்த்தை எது?

திருப்பூர்க்காரன்:

காங்கேயம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) சேர்ந்த மூன்றாவது மாதம், அமெரிக்க பையர் ஒருவர் விலை கேட்டு மெயில் போட்டிருந்தார். 'மென்ஸ் வெஸ்ட்', ஐயாயிரம் பீஸ். படம் அப்புறம் வரும் என்று எழுதியிருந்தார். பையில் இருந்த சின்ன ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினேன். வெஸ்ட்: உள்சட்டை, பனியன். அட, நம்ம ஊர்ச் சரக்கு! நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் கூட்டி, கையில்லாத பனியனுக்கு ஒரு விலை போட்டு அனுப்பிவிட்டேன்.

'ஆர் யூ ஷ்யூர்?' என்று பதில் வந்தது. விலை எச்சு என்கிறாராக்கும் என்று ஐந்து சென்ட் குறைத்தேன். மறுபடியும் 'ஆர் யூ ரியலி ஷ்யூர்?' இன்னொரு ஐந்து சென்ட் குறைப்பதற்குள் சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏனப்பா, அமெரிக்காக்காரன் வெஸ்ட்டுன்னா சட்டைக்கு மேல போடற கையில்லாத கோட்டு. ஜிப்பு, பாக்கெட்டு, உள்ள லைனிங்கு எல்லாம் வரும். பனியனை வெஸ்ட்டுங்கறவன் லண்டன்காரன்."

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. பேன்ட்ஸும் இப்படித்தான்: அமெரிக்காவில் கால்சட்டை, இங்கிலாந்தில் ஜட்டி. ஜம்பர் என்றால் இங்கிலாந்தில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் பெண்கள் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுன். மூன்றையும் ஒரே நாளில் படித்தேன், அண்ணன் டீயும் வாங்கிக் கொடுத்துத் திட்டவும் திட்டியதில்.

அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஒரு வார்த்தைக்கு நாலு வரி. முதல் வரியில் எளிய இங்கிலீஷில் அர்த்தம். இரண்டாவதில் அதைச் சொன்னவர் எந்த நாட்டுக்காரர் என்று. மூன்றாவதில் மெயிலில் வந்த வாக்கியம் அப்படியே. நாலாவது வரி காலியாகக் கிடக்கும், நானே ஒரு மெயிலில் அந்த வார்த்தையைப் போட்டு, எதிராளிக்குப் புரிந்த பிறகுதான் நிரப்புவேன். தமிழ் அர்த்தம் எழுதுவதை வேண்டுமென்றே விட்டேன். ஒற்றைத் தமிழ்ச் சொல்லைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு வந்துவிடுகிறது, எனக்கு அந்தத் தெம்பால்தான் வினை வந்தது. அண்ணன் கொடுத்த பழைய லாங்மன் அகராதி தோதாக இருந்தது. எவ்வளவு பெரிய சொல்லையும் ஏறத்தாழ 2000 எளிய சொற்களை வைத்தே அதில் விளக்கியிருப்பார்கள். அந்த 2000 பிடிபட்டால் மற்றதற்குள் நாமாகவே நுழைந்துவிடலாம்.

சொல்வழக்குகளுக்கு மட்டும் தமிழில் ஜோடி தேடுவேன். 'பீஸ் ஆஃப் கேக்' எதிரே அல்வா சாப்பிடற மாதிரி. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' எதிரே அத்தி பூத்தாற்போல. இப்படி ஜோடி சேர்ந்தது எதுவும் எனக்கு மறந்ததில்லை. சேராததுதான் தொல்லை. லண்டன் அம்மா ஒருவர் தான் 'அண்டர் தி வெதர்' என்று எழுதியிருந்தார். இங்கேயும் இரண்டு நாளாக நல்ல மழைங்க மேடம் என்று பதில் போட்டேன். பாவம், அவருக்கு உடம்பு சரியில்லையாம்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

கோவை அம்மிணி:

அண்ணா, சிரிச்சு முடியலைங்க. நான் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. அமெரிக்க கிளையண்ட்டிடம் என்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது 'ஐ பாஸ்டு அவுட் இன் 2016' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 'இப்போ பரவாயில்லையா?' என்று கேட்டார். நமக்குப் படிப்பை முடிப்பது, அவர்களுக்கு மயங்கி விழுவது.

அதை விடுங்க, பெரிய கூத்து 'ரிவர்ட்'. கல்லூரியில் லெட்டர் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது பதில் போடுவதற்கு அதைத்தான் எழுத வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பொழுதோட, நான் எழுதிய புரோகிராம் கோடு சம்பந்தமாக ஏதோ சந்தேகம் கேட்டிருந்தார்கள். 'ஐ வில் ரிவர்ட் பை டுநைட்' என்று போட்டுவிட்டு உக்கடத்துக்குச் சாப்பிடப் போய்விட்டேன். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கே திருப்புவது. கோடு விஷயத்தில் கேட்கவே வேண்டாம், செய்த மாற்றத்தையே நீக்குவது. இரண்டு வார வேலையை நான் அழிக்கப் போகிறேன் என்று அங்கே பதறிவிட்டார்கள். பிரியாணியில் கை வைக்கவில்லை, ஒன்பது மிஸ்டு கால். இப்போதெல்லாம் 'ரிப்ளை' என்றுதான் எழுதுகிறேன். 'ப்ரிபோன்' (குறித்த நேரத்தை முன்னாடி நகர்த்துவது) மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

பொள்ளாச்சி மஞ்சி மில்:

தென்னை நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறோம், ஐந்து கிலோ பிளாக். நெதர்லாந்து பார்ட்டி ஒருவர் 'பஃபர்டு' பித் வேண்டும் என்றார். பித் என்றால் இந்த நார்க்கழிவுதான். அகராதியில் பார்த்தால் பஃபர் என்பது ரயில் பெட்டி மோதினால் அதிர்ச்சி தாங்கும் தாங்கி. சரி, கன்டெய்னரில் பிளாக் உடையாமல் இருக்க அட்டை வைக்கச் சொல்கிறார் என்று அட்டைக்கும் சேர்த்து விலை சொன்னேன்! பித்தைக் கழுவி உப்பைக் குறைத்து, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, அது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளியதும் மறுபடி கழுவுவதற்குத்தான் அந்தப் பெயர். தொழில் வார்த்தைக்குப் பொது அகராதி உதவாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு ஆறுதல். இங்கிலீஷில் 'காப்ரா' என்கிறார்களே, அது மலையாளக் கரையிலிருந்து போன நம் கொப்பரை. 'காயர்' நம் கயிறு. அவங்களும் நம்மகிட்ட வார்த்தை வாங்கித்தானுங்க பிழைச்சிருக்காங்க.

ஈரோடு மஞ்சள் மண்டி:

எங்க அப்பாரு கதை இது. மஞ்சளில் விரலி, கிழங்கு என்று இரண்டு ரகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். விரலியை இங்கிலீஷில் ஃபிங்கர் என்பார்கள், அதில் தகராறே இல்லை. கிழங்கை பல்ப் என்பார்கள். வடக்கே இருந்து புதிதாக ஒரு புரோக்கர் போன் போட்டு, நாற்பது மூட்டை பல்ப் இருக்கா என்று கேட்டார். அப்பாரு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "மூட்டைக் கணக்குல பல்பு கேக்கறான் கண்ணு. எலக்ட்ரிக் கடைக்குப் போட வேண்டியத நமக்குப் போட்டுட்டான், சித்த நம்பர் பார்த்துக் குடு" என்றார். நானும் கடைக்கு நம்பர் தேடினேன். அன்றைக்கு அந்தச் சரக்கு பக்கத்து மண்டியில் போயிற்று.

திருப்பூர்க்காரன்:

நாற்பது மூட்டை பல்பு! பஃபர், ரிவர்ட், பல்ப் மூன்றும் நோட்டில் ஏறிவிட்டன. நாலாவது வரி மூன்றுக்கும் காலி. பொங்கலுக்கு மஞ்சள் வாங்க ஈரோடு வரும்போது பல்ப்புக்கு உங்க அப்பாருகிட்டயே கேட்டு நிரப்பிக்கொள்கிறேனுங்க.