ஈப்போ மணிக்கூண்டும் பேராக்கின் ரெசிடென்ட் துரைகளும்

குழு: பேராக் உறவுகள் (மலேசியா)

கவின் (மாலை 4:12)
[படம்]
வந்த வேலை முடிந்தது. ஈப்போவில், பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச்சின் நினைவு மணிக்கூண்டின் அடியில் நிற்கிறேன். தெருப் பலகையில் டத்தோ சாகோர் என்று எழுதியிருக்கிறது. பர்ச்சைக் கொன்ற வழக்கில் தூக்கிலிடப்பட்டவர்தானே அவர்? கொல்லப்பட்டவருக்குக் கோபுரம், தூக்கிலிடப்பட்டவருக்குத் தெருவா? பெரியப்பா, விளக்கம் தேவை.

பெரியப்பா (4:20)
அவரேதான் தம்பி. கோபுரத்தை 1909-இல் திறந்தார்கள். மேலே நான்கு மூலைகளிலும் பெண் உருவங்கள் தெரியும், பார். விசுவாசம், நீதி, பொறுமை, மனத்திடம். பிரிட்டிஷ் ஆட்சியின் நான்கு குணங்களாம். அந்த நான்கில் பொறுமை மட்டும் பர்ச்சிடம் இருந்ததே இல்லை.

யாழினி (4:23)
பெரியப்பா, ரெசிடென்ட் என்றால் சுல்தானுக்கு ஆலோசகர்தானே? ஆலோசகர் சொல்வதைக் கேட்காமலும் இருக்கலாமே?

பெரியப்பா (4:31)
முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது, பிள்ளை. பங்கோர் ஒப்பந்தம், 1874 ஜனவரி 20. ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் செய்துவைத்தது. மலாய்க்காரரின் மதம், வழக்கம் தவிர்ந்த எல்லா விஷயங்களிலும் ரெசிடென்டின் ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வரி வசூலும் நிர்வாகமும் அதில் அடங்கும். கையெழுத்திட்ட தலைவர்களில் எத்தனை பேர் இதை முழுமையாக உணர்ந்து இட்டார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் உண்டு. அப்துல்லாவுக்கு பேராக் சுல்தான் பதவி வேண்டியிருந்தது. கிளார்க்குக்கு பேராக்கின் லாருட் பகுதி ஈயச் சுரங்கங்களில் சீனக் குழுக்களின் சண்டை நிற்க வேண்டியிருந்தது.

பெரியப்பா (4:33)
பர்ச் இங்கே வருவதற்கு முன் நீண்ட காலம் இலங்கையில் அதிகாரியாக இருந்தவர். அங்கே அவர் கண்டது நேரடி ஆட்சி. துரை உத்தரவிட்டால் வேலை நடக்கும். அதே நினைப்போடு பேராக் ஆற்றுக்கு வந்தார். மலாய் மொழியும் சரியாகத் தெரியாது.

மங்கை மாமி (4:40)
அண்ணா, ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். கடனடிமைகளாக இருந்த பெண்கள் தப்பி ஓடி அவரிடம்தானே அடைக்கலம் புகுந்தார்கள்? அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தவர் அவர். அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள்.

பெரியப்பா (4:52)
உண்மை தங்கச்சி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாங்கிய கடனுக்காக மனைவி மக்களோடு ஒருவர் வீட்டில் கட்டுண்டு கிடப்பது கொடுமையிலும் கொடுமை.

ஆனால் அவர் கைவைத்தது அடிமை முறையில் மட்டும் அல்ல. ஆற்றில் போகும் படகுகளுக்குத் தலைவர்கள் சுங்கம் வாங்கி வந்தார்கள். அவர்களின் வருமானமே அதுதான். இனி எல்லா வரியும் அரசாங்கத்துக்கே என்றார் பர்ச். அந்தத் தலைவர்கள் எதைக் கொண்டு பிழைப்பார்கள் என்பதற்கு முதலில் ஒரு வழி செய்திருக்க வேண்டும் அல்லவா? அதைச் செய்யவில்லை. 1875-இல் புதிய ஆளுநர் ஜெர்வாய்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய், நிர்வாகத்தையே பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் ஒப்படைக்கும்படி அப்துல்லாவை நெருக்கிக் கையெழுத்து வாங்கினார். அந்த அறிவிப்பைப் பேராக் ஆற்றங்கரைக் கிராமமான பாசீர் சாலாக்கில் ஒட்டிய நாளில்தான், நவம்பர் 2, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த பர்ச்சைக் குத்திக் கொன்றார்கள். அறிவிப்பை ஒட்டிய மொழிபெயர்ப்பாளர் அர்ஷாத்தும் இறந்தார். அவருக்குக் கோபுரமும் இல்லை, தெருவும் இல்லை.

கவின் (4:55)
அதன் பிறகு?

பெரியப்பா (4:58)
படை வந்தது. பர்ச் கொலைக்காக மலாய்த் தலைவர்கள் மகாராஜா லேலா, டத்தோ சாகோர், அவர்களோடு பாண்டாக் இண்டுட், மூவரையும் 1877 ஜனவரி 20 அன்று தூக்கிலிட்டார்கள். பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக மூன்று ஆண்டுகள். அப்துல்லாவை சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

மங்கை மாமி (5:03)
அப்புறம் ரெசிடென்டாக வந்தவர் ஹியூ லோ. அவரை நல்லவர் என்று நீங்களே பள்ளியில் பாடம் எடுத்தீர்கள்.

பெரியப்பா (5:15)
இன்றைக்கும் அதையே சொல்வேன். போர்னியோவுக்கு அருகிலுள்ள லாபுவான் தீவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதிகாரியாக இருந்தவர். மலாய் நன்றாகப் பேசுவார். பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். 1877-இல் மாநில மன்றம் அமைத்து, மலாய்த் தலைவர்களையும் லாருட் சீன முதலாளிகளையும் அதில் உட்கார வைத்தார். சுங்கத்தை இழந்த தலைவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார், பலரைப் பெங்கூலு, அதாவது ஊர்த் தலைவர், ஆக்கினார். கடனடிமை முறையையும் அவசரப்படாமல், மன்றத்தில் பேசிப் பேசியே 1880-களில் ஒழித்தார். போரால் வந்த கடனையும் அடைத்தார். கோலாகங்சாரில் ரப்பர் நட்டவரும் அவரே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மன்றத்தில் எதைப் பேசுவது என்பதை முடிவு செய்தவர் லோ. கருவூலச் சாவி அவரிடமே இருந்தது. பர்ச் பிடுங்க நினைத்ததை லோ மரியாதையாகக் கேட்டு வாங்கினார். பேராக் மக்களுக்கு அந்த மரியாதை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் போன அதிகாரம் திரும்பி வரவில்லை.

யாழினி (5:19)
அப்படியானால் பர்ச்சைவிட லோதான் ஆபத்தானவரா?

பெரியப்பா (5:24)
அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது பிள்ளை. ஒருவர் காலத்தில் ஊர்கள் எரிந்தன. மற்றவர் காலத்தில் விளைந்தன. அதில் வாழ்ந்தவனுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

மங்கை மாமி (5:30)
ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்தத் துரைகள் இல்லாவிட்டால் நம் பூட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே எழுத்தராகத் தைப்பிங்குக்கு வந்திருப்பாரா? நமக்குச் சோறு போட்டது அந்த ஆட்சி.

பெரியப்பா (5:44)
கோபம் ஏன் வருகிறது? நியாயமான கேள்வி. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. பாதை போட ஆட்கள் இலங்கையிலிருந்து வந்தார்கள். பின்னால் நிலையங்களுக்கும் கந்தோர்களுக்கும் ஆங்கிலம் படித்த எழுத்தர்கள் தேவைப்பட்டபோது, மிஷன் பள்ளிகளில் படித்த நம் ஆட்களை அழைத்தார்கள். பூட்டனார் அந்தச் சம்பளத்தில்தான் நான்கு தங்கைகளைக் கரையேற்றினார். நன்றி இருக்கிறது.

ஆனால் அவர் ஓய்வு பெறும்வரை எழுத்தராகவே இருந்தார். 1904-க்குப் பிறகு உயர் நிர்வாகப் பணிக்கு ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்று விதி. நம்மை விடு, இந்த மண்ணின் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கே கோலாகங்சார் மலாய்க் கல்லூரியில் படிப்பு கொடுத்து, துரைக்குக் கீழே ஒரு தனிப் பணியில்தான் இடம் கொடுத்தார்கள். சோறு போட்டார்கள் என்பதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

யாழினி (5:49)
சுல்தான்கள் யாரும் எதிர்க்கவில்லையா?

பெரியப்பா (6:02)
பேராக் சுல்தான் இட்ரிஸ் எதிர்த்தார். 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் சேர்த்துக் கூட்டரசு ஆக்கி, ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாமை ரெசிடென்ட் ஜெனரல் ஆக்கினார்கள். பர்ச் இறந்தபோது ஆற்றின் மேல்பகுதியில் அதே அறிவிப்புகளை ஒட்டிக்கொண்டிருந்த இளைஞர் அவர், தெரியுமா? அதன் பிறகு முடிவுகள் எல்லாம் கோலாலம்பூரில். 1903-இல் ஆட்சியாளர்கள் மாநாட்டில், துரைகள் முன்னிலையிலேயே, மாநிலங்களின் அதிகாரம் தேய்ந்து போவதாக இட்ரிஸ் பேசினார். ஆறு ஆண்டுகள் கழித்துக் கூட்டரசு மன்றம் வந்தது. அதில் சுல்தான்களும் உறுப்பினர்கள். தலைமை நாற்காலியில் பிரிட்டிஷ் உயர் ஆணையர். தடுக்கும் அதிகாரம் எந்தச் சுல்தானுக்கும் இல்லை.

கவின் (6:08)
அப்படியானால் கோபுரத்தை என்ன செய்வது?

பெரியப்பா (6:11)
இருக்கட்டும். தெருப் பலகையும் இருக்கட்டும். ஒன்றை அகற்றினால் மற்றது ஏன் அங்கே இருக்கிறது என்று நீ கேட்டிருக்க மாட்டாய்.

மங்கை மாமி (6:15)
அர்ஷாத்துக்கும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்.

பெரியப்பா (6:16)
அதை நானும் வழிமொழிகிறேன்.

கவின் (6:20)
ஞாயிறு பாசீர் சாலாக் போகலாமா? அங்கே வரலாற்று வளாகம் இருக்கிறது. என் காரில் இன்னும் மூவருக்கு இடம் உண்டு.

மங்கை மாமி (6:22)
நான் வருகிறேன். காலை எட்டுக்கு முன் கிளம்ப வேண்டும், வெயில் தாங்காது. புட்டு கட்டி எடுத்து வருகிறேன்.