வீகன் சாப்பாட்டில் தொப்பையும் இறங்கி உடம்பும் ஏறுமா?

தண்டால்_தம்பி:
வீகன் ஆனது மாட்டுக்காக, உடம்புக்காக இல்லை. அதனால் "ஏன்டா மாறினாய்" என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்காதீர்கள், வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள். பால், தயிர், மோர், நெய், முட்டை எதுவும் கிடையாது. எடை 70 கிலோ. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் எனக்கு முன்னால் நடந்து போகிறது. ஜிம் மாஸ்டர் "முட்டை வெள்ளைக்கரு இல்லை, வே புரோட்டீனும் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) இல்லை என்றால் பேசாமல் ட்ரெட்மில்லில் ஏறு, பருப்பைத் தின்று உடம்பு ஏற்றியவன் எவனும் கிடையாது" என்கிறார். கொழுப்பு இறங்கும்போதே தசையும் ஏற வேண்டும், அதுவும் நம் ஊர்ச் சமையலில். நடக்குமா, நடக்காதா? விராட் கோலியே வீகன் என்கிறார்களே?

முட்டைக்கட்சி:
கோலியை முதலில் விடுங்கள். தான் வீகன் என்று எப்போதும் சொன்னதில்லை, சைவம் மட்டும்தான் என்று 2021-ல் அவரே சொல்லிவிட்டார். தன் சாப்பாட்டில் முட்டை உண்டு என்று அவர் சொன்னதில்தான் அந்தச் சண்டையே ஆரம்பித்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். தசை ஏற ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் என்பது இன்று பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு. உங்களுக்கு 112 கிராம் வருகிறது. வேகவைக்காத துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம், கூடவே 340 கலோரி. 112 கிராமை எட்ட தினமும் அரைக் கிலோ பருப்பு தின்ன வேண்டும், கலோரி 1700. ஒரு பருக்கை சோறு, ஒரு சொட்டு எண்ணெய் சேராமலே உங்கள் அன்றைய கோட்டா முடிந்தது! வேர்க்கடலை இன்னும் மோசம், 25 கிராம் புரதத்துக்கு 560 கலோரிக்கு மேல். தோல் நீக்கிய பச்சைக் கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் பருப்பின் அதே 22 கிராம் புரதம் 120 கலோரியில் வந்துவிடும். எடை ஏற்ற மட்டும் என்றால் வீகனில் செய்யலாம், யார் வேண்டாம் என்றது. கொழுப்பை இறக்கிக்கொண்டே ஏற்றுவது என்றால் இந்தக் கணக்கு இடிக்கும். உங்கள் மாஸ்டர் முரடாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கிள்ளான்_அக்கா:
பருப்பையும் கடலையையும் போட்டுக் காட்டிவிட்டு மீல் மேக்கரை வசதியாக மறைத்துவிட்டீர்களே முட்டைக்கட்சி? காய்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் 52 கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராம்கூட வராது, கலோரி சுமார் 345. கோழிக்கறி அளவு இல்லைதான், ஆனால் பருப்பும் அதுவும் ஒரே கணக்கில் வராது. எங்கள் பக்கம் (மலேசியா) தெம்பே என்று காலைச் சந்தையில் வாழை இலையிலோ பிளாஸ்டிக்கிலோ சுற்றி விற்பார்கள், சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது, 100 கிராமில் 19 கிராம் புரதம். மெலிதாக வெட்டி மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவி தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் மீன் வறுவல் இருக்கும் இடத்தில் அதை வைக்கலாம். ஊர்க்காரர்களுக்கு இது கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், டோஃபு (சோயாப்பாலைத் திரித்துக் கட்டியாக்கியது) இப்போது பெரிய கடைகளில் வருகிறதே.

அப்புறம் ஆய்வு. 2021-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோவிலிருந்து வந்தது: வீகன் இளைஞர்கள் 19 பேர், எல்லாம் சாப்பிடுகிறவர்கள் 19 பேர், இரண்டு பக்கமும் கிலோவுக்கு 1.6 கிராம், 12 வாரம் கால் பயிற்சி. தசை ஏறியதிலும் பலம் கூடியதிலும் வித்தியாசம் இல்லை. மாஸ்டரிடம் காட்டுங்கள் தம்பி.

பழைய_இரும்பு:
அக்கா, அந்த ஆய்வை நானும் படித்தேன். நல்ல ஆய்வுதான், ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட மூன்று விஷயம் இருக்கிறது. அதில் வந்தவர்கள் எல்லாரும் அதுவரை எடை தூக்காதவர்கள், புதியவனுக்கு எதைக் கொடுத்தாலும் தசை ஏறும். 1.6 கிராமை அவர்கள் சாப்பாட்டில் மட்டும் எட்டவில்லை, வீகன்களுக்கு சோயா பவுடர், மற்றவர்களுக்கு வே பவுடர் கொடுத்து நிரப்பினார்கள். மூன்றாவதுதான் முக்கியம், அங்கே யாரும் கலோரியைக் குறைத்துக் கொழுப்பை இறக்கவில்லை. தம்பி கேட்டது இரண்டும் சேர்ந்து.

சேர்ந்து நடந்ததற்கு வேறு ஆய்வு இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், 2016. இளைஞர்கள் 40 பேர், தேவையான கலோரியில் 40% வெட்டி, வாரத்துக்கு ஆறு நாள் பிழிந்தெடுத்தார்கள், நான்கு வாரம். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ இறங்கியது, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ ஏறியது. ஆனால் அந்தப் புரதம் பாலிலிருந்து வந்தது, வே. 70 கிலோ ஆளுக்கு 2.4 என்றால் 168 கிராம். இதை அடையும் சாம்பாரும் வைத்து வீகனாக எட்டிக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கிள்ளான்_அக்கா:
அண்ணே, நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே ஆய்வில் 1.2 கிராம் மட்டும் எடுத்த பாதிப் பேருக்கு என்ன ஆயிற்று? கொழுப்பு 3.5 கிலோ இறங்கியது, கொழுப்பில்லாத எடை குறையவே இல்லை, 0.1 கிலோ கூடியதாகத்தான் வந்தது. 40% வெட்டியும்! தம்பி 40% வெட்டப் போவதில்லையே, 15 இல்லை 20% போதும், மெதுவாக இறங்கட்டும். 168-ஐக் காட்டி எதற்குப் பயமுறுத்துகிறீர்கள்.

கொள்ளு_ரசம்:
எல்லாரும் கனடா, பிரேசில் என்றே போகிறீர்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொன்னவர்கள் எந்த ஆய்வகத்துக்குப் போனார்கள்? காலையில் பழையசோறு, சின்ன வெங்காயம், வாரத்தில் மூன்று நாள் கொள்ளு ரசம், உளுந்தங்களி, முளைகட்டிய பயறு. பழையசோற்றிலேயே வைட்டமின் பி12 வந்துவிடும், மாத்திரையும் வேண்டாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024-ல் கொடுத்த வழிகாட்டியில் தசைக்காக புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. சோயா தின்றால் ஆண்மை போகும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கிள்ளான்_அக்கா:
ஐயா, நான் வீகன் பக்கம்தான், ஆனாலும் பி12 விஷயத்தில் இப்படி எழுதாதீர்கள். பழையசோறு நல்ல சாப்பாடு, நானும் சாப்பிடுகிறேன். அதை நம்பி பி12 மாத்திரையை நிறுத்தக் கூடாது, தாவர உணவில் நம்பும்படியான அளவில் அது கிடையாது, சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் உடம்புக்கு வேலை செய்யாத வகை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் முதல் சில வருடம் ஒன்றும் தெரியாது, தெரியவரும்போது கால் மரத்துப்போவதும் நாக்கு எரிவதுமாக வரும், நரம்பு கெட்டபிறகு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. மாத்திரை மலிவு. வீகன் என்றால் அது சாப்பாட்டோடு சேர்த்தி, இதில் பேச்சே இல்லை.

சோயா பயத்துக்கும் சேர்த்தே பதில்: பல ஆய்வுகளைக் கூட்டி 2010-லும் 2021-லும் பார்த்தார்கள், ஆண்களின் டெஸ்டோஸ்டீரான் சோயாவால் குறையவில்லை.

முட்டைக்கட்சி:
இதில் அக்காவோடு நான் சேர்ந்துகொள்கிறேன், நாளை மறுபடி சண்டை போடலாம். கொள்ளு ரசத்தில் இருப்பது கொள்ளு வெந்த தண்ணீர், அண்ணே, புரதம் அடியில் கொள்ளிலேயே கிடக்கிறது, அதை எத்தனை வீட்டில் சுண்டலாகவோ மசியலாகவோ சாப்பிடுகிறார்கள்? கொழுப்பைக் கரைக்கும் தானியம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை, கலோரி குறைந்தால் கரையும், அவ்வளவுதான். கொள்ளு வயிற்றை நிரப்பும், அந்த வகையில் உதவும்.

தண்டால்_தம்பி:
சரி, சண்டையைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் பட்டியல் போட்டேன், எல்லாம் சமைக்கும் முன் எடை. காலை: 60 கிராம் பருப்பு வகைகளும் 30 கிராம் அரிசியும் அரைத்து அடை, 15 கிராம் புரதம், 360 கலோரி. மதியம்: 75 கிராம் அரிசிச் சோறு, சாம்பார், கீரை, 50 கிராம் மீல் மேக்கரில் வறுவல், எல்லாம் சேர்த்து 41 கிராம், 680 கலோரி. மாலை 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 10 கிராம், 180 கலோரி. ஜிம் முடிந்து சோயா புரோட்டீன் ஒரு ஸ்கூப், 24 கிராம், 120 கலோரி. இரவு இரண்டு சப்பாத்தி, 150 கிராம் டோஃபு பொடிமாஸ், 25 கிராம், 380 கலோரி. மொத்தம் 115 கிராம், 1720 கலோரி. முட்டைக்கட்சி அண்ணா, கணக்கு இடிக்கவில்லையே?

முட்டைக்கட்சி:
ஸ்கூப்பை எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள் தம்பி. 91 கிராம். மீல் மேக்கரையும் டோஃபுவையும் எடுத்துவிட்டால் 50-க்குக் கீழே வந்துவிடும். அதாவது "நம் ஊர்ச் சமையல்" என்று நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் தொழிற்சாலைச் சோயாதான் தாங்கிப் பிடிக்கிறது. மீல் மேக்கர் என்ன உங்கள் பாட்டி வயலில் விளைந்ததா? எண்ணெய் பிழிந்தபிறகு மிஞ்சும் மாவில் செய்வது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் "பருப்பிலேயே முடியும்" என்று இனிமேல் யாரும் பேசக்கூடாது. இன்னொன்று, எழுதிய 115-ம் உடம்பில் அப்படியே சேராது. சோயா பரவாயில்லை, முட்டைக்குக் கிட்டத்தட்ட வரும். பருப்பு, கடலையில் செரிமானம் குறைவு.

பழைய_இரும்பு:
பட்டியல் மோசமில்லை, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. சோறும் பருப்பும் சேர்ந்தே வருவதால் ஒன்றில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தை (புரதத்தின் ஒரு துண்டு) மற்றது ஈடுகட்டும், அந்தக் கவலை வேண்டாம். தசை வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு அமினோ அமிலமான லியூசின்தான் கொஞ்சம் பின்தங்கும், வே 25 கிராம் புரதத்தில் 2.7 கிராம் அளவுக்கு இருப்பது சோயாவில் 2 கிராம் சுமார்தான், அதனால் ஒரு வேளைக்கு 30 கிராமை ஒட்டி வருகிற மாதிரி காலை அடையைக் கொஞ்சம் பலப்படுத்துங்கள், டோஃபுவில் பாதியைக் காலைக்குத் தள்ளினாலும் சரி.

ஆனால் இந்த 1720-ஐ நான் நம்பவில்லை. அடைக்குச் சுற்றி எண்ணெய் விடுவது அம்மாவா நீங்களா? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, மூன்று அடைக்கு அவர்கள் கைக்கு எவ்வளவு போகும் என்று எல்லாருக்கும் தெரியும். தேங்காய்ச் சட்னியை நீங்கள் எழுதவே இல்லை. தேங்காய் 100 கிராமில் 350 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். ஊரில் வீகன் ஆகிறவன் தொப்பை இறங்காமல் நிற்பதற்குப் புரதத்தைவிட இதுதான் காரணமாக நான் பார்த்திருக்கிறேன், தயிரும் நெய்யும் போன இடத்தில் தேங்காய்ப்பாலும் முந்திரியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பவுடர் வாங்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சைவம் என்பதற்கு மட்டும்தான், வே டப்பாவிலும் அதே புள்ளி இருக்கும். வீகனுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 விதிகளில் தனி முத்திரை கொடுத்திருக்கிறது, அதைப் பாருங்கள். கிரியேட்டினும் (எடை தூக்கத் தசைக்குச் சக்தி தரும் பொருள்) வாங்கலாம், தினம் 3 முதல் 5 கிராம். ரசாயனத்தில் செய்வதுதான், மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறி சாப்பிடாதவர்களுக்குத் தசையில் அது குறைவாகவே இருப்பதால் பலன் கூடத் தெரியும்.

கொள்ளு_ரசம்:
பவுடர், கிரியேட்டின், பி12 மாத்திரை. இத்தனை டப்பா இருந்தால்தான் ஒரு உணவுமுறை ஓடும் என்றால் அது என்ன உணவுமுறை?

கிள்ளான்_அக்கா:
கறி தின்கிற ஜிம் பையன்கள் வீட்டில் டப்பா இல்லையா ஐயா? அவர்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள், என்னுடையதைவிட இரண்டு வரிசை கூடுதலாக இருக்கும்.

தம்பி, சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பைத் தடுக்கும். எலுமிச்சை பிழிந்துகொண்டால் நல்லது.

பழைய_இரும்பு:
எல்லாரும் தட்டைப் பற்றியே பேசுகிறோம், அவன் என்ன தூக்குகிறான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தம்பி, ஸ்குவாட் (தோளில் எடை வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது) எத்தனை கிலோ போகிறது?

தண்டால்_தம்பி:
டெட்லிஃப்ட் மாஸ்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை அண்ணே. ஸ்குவாட் எடைத்தட்டு மாட்டாத வெறும் பார் (இரும்புக் கம்பி) மட்டும். மற்ற நேரம் டம்பெல் கர்ல், அப்புறம் ட்ரெட்மில்.

முட்டைக்கட்சி:
வெறும் பாரா! அப்படியானால் நாங்கள் லியூசின் வரைக்கும் போய் எதற்காக அடித்துக்கொண்டோம்?

பழைய_இரும்பு:
சிரிக்காதீர்கள், இது அவனுக்கு நல்ல செய்தி. ஒல்லிக் கை, தொப்பை, எடை தூக்கிப் பழக்கமில்லை, இந்த மாதிரி ஆளுக்குத்தான் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். முட்டை தின்றாலும் நடக்கும், மீல் மேக்கர் தின்றாலும் நடக்கும். நாலைந்து வருடம் தூக்கி வயிறும் தட்டையாக இருக்கிறவன் வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் முட்டைக்கட்சி பக்கம் நின்றிருப்பேன். வாரத்துக்கு மூன்று நாள் போதும், ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் (படுத்து எடையை மேலே தள்ளுவது), ரோ (குனிந்து எடையை வயிற்றுப் பக்கம் இழுப்பது), ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் எடை கூட்ட வேண்டும். தராசைப் பார்க்காதீர்கள், அது அசையாமல் நிற்கும், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பைக் குறித்து வாருங்கள். மாஸ்டர் டெட்லிஃப்ட் சொல்லித்தர மாட்டேன் என்றால் மாஸ்டரை மாற்றுங்கள், சாப்பாட்டை இல்லை.

தண்டால்_தம்பி:
சரி அண்ணே. கடைசியாக ஒன்று, மீல் மேக்கர் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கஷ்டம். என்ன செய்வது?

கிள்ளான்_அக்கா:
உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம், வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி இரண்டு தடவை நன்றாகப் பிழிய வேண்டும், அந்த நுரைத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றாதீர்கள். 25 கிராமில் ஆரம்பித்து வயிறு பழகியபிறகு 50-க்குப் போங்கள். கொண்டைக்கடலையையும் ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், பெருங்காயம் தாராளமாக. ஆனால் கூட்டுப்பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், உங்களுக்கு அது பிரச்சினை இல்லைதானே?