நோட்டீஸ் மங்கலாக வருகிறது, எங்கே தப்பு?

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் செக்கு எண்ணெய்க் கடைக்குத் தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் செய்து பழகுகிறேன், போட்டோஷாப் இல்லை, பிரௌசரிலேயே படம் திருத்தும் போட்டோபியாதான். திரையில் பளிச்சென்று இருக்கும் எண்ணெய் பாட்டில் படம், ஏ4 தாளில் மங்கிவிடுகிறதே, ஏன்?

பதில்: புது ஃபைல் திறக்கும்போதே 2480-க்கு 3508 பிக்சல் வையுங்கள், ஏ4-க்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் அதுதான் கணக்கு. அப்புறம், படம் வாட்ஸ்அப்பில் வந்ததா? சுருங்கித்தான் வரும். கேபிள் போட்டு போனிலிருந்து நேராக எடுங்கள்.

பதில்: மலையாளத்துக்கு மஞ்சரி, தமிழுக்கு நோட்டோ சான்ஸ், இரண்டும் இலவச எழுத்துரு. மலையாள வரியைப் பக்கத்துக் கடைச் சேட்டனிடம் ஒருமுறை படிக்கக் கொடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள், கூட்டெழுத்து உடைந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது.

கேட்டவர்: வாட்ஸ்அப் படமேதாங்க! நாளைக்கே பாட்டிலை வெயிலில் வைத்து மறுபடி எடுக்கிறேன்.